கோழிக்கு ஒதுக்கும் பணம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

பெயர் போட வேண்டாம். ஒரு சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடும் வீடு எங்களுடையது. வாரம் இரண்டு நாள் கோழி எடுப்பேன், இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து. போன வாரம் என் ஒன்பது வயது மகள் கோழிப்பண்ணை பற்றிய காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, "அம்மா, நாம வாங்குறதும் இந்தக் கோழிதானா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. திறந்தவெளியில் வளர்த்தது என்று போட்டிருக்கும் கோழி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. வசதியான தோழி ஒருத்தி, மலிவுக் கோழி வாங்குவதே பாவம் என்கிறாள். கஷ்டப்படும் குடும்பத்துக்கு இதில் என்ன வழி இருக்கிறது? முட்டைக்கு மாறிவிடலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தோழி சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சம்பளத்தில் ஐந்து வயிறு நிரப்புகிறவர் மலிவானதை எடுப்பது பாவம் இல்லை. அந்தக் கோழியை அப்படி வளர்க்க முடிவெடுத்தது நீங்கள் இல்லை, வேகமாக வளரும் இனத்தை உருவாக்கிய கம்பெனிகளும் அதைக் கொண்டு விலையைக் குறைத்து விற்பவர்களும்தான். ஆனாலும் உங்கள் மகளின் கேள்வி சரியான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை.

கோழி எப்படி இவ்வளவு மலிவானது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 என மூன்று காலத்துக் கறிக்கோழி இனங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள், 2014இல் முடிவு வெளிவந்தது. 56ஆம் நாளில் 1957 இனத்தின் எடை 905 கிராம், 2005 இனத்தின் எடை 4 கிலோ 202 கிராம். தீவனம் ஒன்றுதான், மாறியது பறவையின் உடம்பு. இன்றைய பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீவனம் என்பதால், சீக்கிரம் எடை போடுகிற கோழி ஒரு கிலோ கறிக்குக் குறைவாகத் தின்கிறது, அதனால் விலை குறைகிறது. அந்த வேகத்துக்கு எலும்பும் இதயமும் ஈடுகொடுக்க முடிவதில்லை.

நான் ஒரு கொட்டகைக்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது வாரத்துக் கோழிகள். உள்ளே நுழைந்ததும் அம்மோனியா நெடியில் கண் எரிந்தது, அது கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அத்தனை ஆயிரம் பறவைகள் இருந்தும் சத்தமில்லாத அந்த அமைதிதான் என்னை உலுக்கியது. பெரும்பாலானவை உட்கார்ந்தே இருந்தன. காலடியில் ஒன்று எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நாலைந்து அடி வைத்து, கால் அகன்று, மறுபடி உட்கார்ந்துவிட்டது. அது குஞ்சுதான், அந்த வயதில் ஓடித்திரிய வேண்டியது. தோலோடு கால்துண்டு வாங்கினால் மூட்டுப் பக்கம் பாருங்கள், சிலவற்றில் பழுப்பாகவோ கறுப்பாகவோ தீய்ந்த மாதிரி ஒரு தழும்பு இருக்கும். ஈரமும் எச்சமும் ஊறிய கூளத்தில் நாள் முழுக்க உட்கார்ந்ததால் வந்த புண் அது. நெஞ்சுக் கறியில் நார் ஓடும் திசையிலேயே வெள்ளைக் கோடுகள் இருந்தால் அதுவும் வேக வளர்ச்சியின் அடையாளம்.

சரி, பணத்துக்கு வருவோம். பாக்கெட்டில் எழுதியிருப்பதை எல்லாம் நம்பிக் கூடுதல் பணம் கொடுத்துவிடாதீர்கள். கறிக்கோழிக்கு 'கூண்டில் வளர்க்காதது' என்று போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் கறிக்கோழியைப் பெரும்பாலும் கூண்டில் வளர்ப்பதே கிடையாது, தரையில் கூளம் பரப்பித்தான் வளர்க்கிறார்கள். 'ஹார்மோன் இல்லை' என்பதும் அப்படித்தான், கோழிக்கு ஹார்மோன் போட்டு வளர்க்கும் வழக்கமே இல்லை, அந்த வேகம் பிறவியிலேயே வந்தது. 'இயற்கையானது', 'பண்ணைப் புதியது' எல்லாம் வெறும் அலங்காரம். பணத்துக்குப் பெறுமானம் உள்ளவை இரண்டுதான்: மெதுவாக வளரும் இனம், ஒரு சதுர மீட்டரில் எத்தனை கோழி என்கிற கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு விதிப்படி அடிப்படை வரம்பு சதுர மீட்டருக்கு மொத்தம் 33 கிலோ எடைக் கோழி, நிபந்தனைகளோடு 42 கிலோ வரை போகலாம். 42 கிலோ என்பது, இரண்டு கிலோ கோழி என்றால் ஒரு சதுர மீட்டரில் 21. பிரான்சின் லேபிள் ரூஜ் முத்திரைக்குக் கோழி குறைந்தது 81 நாள் வளர்ந்திருக்க வேண்டும், மெதுவாக வளரும் இனமாகவும் இருக்க வேண்டும். வெளியாட்கள் வந்து சோதித்துக் கொடுக்கும் இப்படியான முத்திரை ஏதாவது உங்களுக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அழகான வார்த்தைக்காக இரண்டு மடங்கு கொடுக்காதீர்கள், அந்தப் பணம் கோழிக்குப் போய்ச் சேராது.

முட்டைக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். கவனம் தேவை. கூண்டு என்கிற வார்த்தைக்கு உண்மையான அர்த்தம் இருப்பது முட்டைக் கோழியிடம்தான். பழைய மாதிரிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது ஒரு ஏ4 தாளைவிடச் சின்ன இடம், சிறகை விரிக்க முடியாது, கறிக்கோழியின் துன்பம் ஆறு வாரத்தில் முடிகிறது என்றால் இதனுடையது ஒரு வருஷத்துக்கும் மேலே நீளும். ஐரோப்பிய ஒன்றியம் 2012இலிருந்து அந்தக் கூண்டுகளைத் தடை செய்துவிட்டது, உலகத்தில் இன்னும் நிறைய இடங்களில் இருக்கின்றன. அதனால் கையில் கொஞ்சமே கொஞ்சம் உபரி இருந்தால், அதை முதலில் கூண்டில்லா முட்டைக்குக் கொடுங்கள், கறிக்கு அப்புறம் பார்க்கலாம். முட்டை ஒன்றுக்குக் கூடும் விலை கறியில் கூடுகிற அளவுக்குக் கையைக் கடிக்காது. ஒரு கோழி வருஷத்துக்குச் சுமார் 300 முட்டை இடுவதால், குறைந்த பணத்தில் ஒரு பறவையின் நீண்ட நாட்கள் மாறுகின்றன. (முட்டைத் தொழிலில் ஆண் குஞ்சுகளை முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள் என்ற கொடுமை இதிலும் தீராது. ஜெர்மனி 2022இல் அதைத் தடை செய்தது.)

கறிக்கு நான் செய்வது இதுதான். மாதம் இத்தனை கிலோ என்று கணக்கு வைப்பதை விட்டுவிட்டு, இவ்வளவு பணம் என்று வைத்துக்கொண்டேன். தொகை ஏறாது, எடைதான் மாறும். நல்ல கோழி கிடைத்தால் குறைவாக வாங்குவேன், கிடைக்காத மாதம் சாதாரணக் கோழி. எலும்பில்லாத நெஞ்சுக் கறியை நிறுத்திவிட்டு முழுக் கோழி எடுத்தால் கிலோவுக்கு ஆகும் செலவு குறையும். அந்த மிச்சத்தில் பருப்பும் பயறும் வாங்கலாம். முதல் நாள் கால்களும் நெஞ்சும், மறுநாள் ஒட்டியிருக்கும் கறியைப் பிய்த்துக் காய்கறியோடு, கடைசியில் எலும்புக்கூட்டை அடுப்பில் இரண்டு மணி நேரம் சின்னத் தீயில் விட்டால் ஐந்து பேருக்குச் சூப். ஆறினதும் அது கட்டியாக உறைந்தால் எலும்பின் சாரம் நன்றாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு பறவை மூன்று வேளைக்கு வரும்போது இரண்டாவது பறவை தேவைப்படுவதில்லை. குளிர்பெட்டியில் மறந்துபோய்க் கெட்டுக் குப்பைக்குப் போகிற கறிதான் எனக்கு மிக வலிக்கும், அந்தக் கோழி பட்டதெல்லாம் யாருக்காக?

இதுவும் முடியாத மாதம் வரும். வரட்டும். வளரும் பிள்ளைகளின் தட்டிலிருந்து எடுத்துக் கோழிக்குக் கருணை காட்டச் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது, எனக்கும் உங்கள் தோழிக்கும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் தோழிக்கு வசதி இருக்கிறது, நல்லது, அவர் முழு விலை கொடுத்து வாங்கட்டும், வாங்கும் கடையில் இது எந்த இனம், எத்தனை நாள் வளர்ந்தது என்று கேட்கட்டும். நெதர்லாந்தில் பெரிய கடைகள் மெதுவாக வளரும் கோழிக்கு மாறின, மக்களும் விலங்குநல அமைப்புகளும் விடாமல் கேட்டதால்தான். கேள்வி கேட்கக் காசு வேண்டாம், நீங்களும் கேட்கலாம்.

மகளிடம் ஆமாம் என்றே சொல்லுங்கள். நாம் வாங்குவதும் அந்தக் கோழிதான், நம்மிடம் இப்போது இவ்வளவுதான் பணம் இருக்கிறது, அதனால் இதை இப்படிச் செய்யப் போகிறோம் என்று. ஒன்பது வயதுக்கு அது புரியும். வாரத்தில் எந்த நாளைப் பருப்பு நாளாக்கலாம் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா