பீப்பாய்க்குள் நிற்பவர்

அன்புள்ள சார்,

மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். போன வாரம் ரோடியோ என்கிற காளை, குதிரைச் சவாரிப் போட்டிக்குக் கூட்டிப்போனான். காளை ஒரு பையனைத் தூக்கியடித்தது. அவன் மண்ணில் கிடக்கிறான், முகத்தில் சாயம் பூசிய ஒரு ஆள் மைக்கில் ஜோக் அடிக்கிறான், பாட்டுக்கு ஆடுகிறான், ஜனம் சிரிக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. விழுந்தவனைப் பார்த்து என்ன சிரிப்பு? இதில் பேரன் வேறு ஆட்டுச் சவாரி போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறான்.

டாலஸிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

முதல்முறை பார்த்தபோது எனக்கும் இதே கோபம்தான் வந்தது. இன்றைக்கு அந்த அரங்கிலேயே நான் அதிகம் மதிப்பது அந்தச் சாயம் பூசிய மனிதரைத்தான்.

காளைச் சவாரி எட்டு விநாடி. ஒரு கை கயிற்றில் இருக்கும்; இன்னொரு கை மாட்டின்மேல் பட்டாலே ஆட்டம் போயிற்று. ஆனால் ஆபத்தெல்லாம் விழுந்த பிறகுதான். குதிரை ஆளைத் தள்ளிவிட்டுத் தன் வழியே ஓடிவிடும். பிராமா காளை அப்படியில்லை, விழுந்தவனைத் தேடித் திரும்பி வரும். அந்தத் திமில் மாடுகளின் முன்னோர் நம் ஊரிலிருந்து கப்பலேறிய ஓங்கோல், கிர், காங்கிரேஜ் இன மாடுகள்தான். 1920களில் அவை ரோடியோவுக்குள் வந்தபிறகு, அதுவரை இடைவேளையை நிரப்பிக்கொண்டிருந்த கோமாளி காளைக்கும் ஆளுக்கும் நடுவில் புகுந்து ஓட வேண்டியதாயிற்று. தொளதொள உடுப்புகூட அதற்கு உதவியது. கொம்பில் துணி மாட்டினால் துணியோடு போகட்டும், உடம்பு தப்பட்டும்.

இப்போது வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. காளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களை புல்ஃபைட்டர் என்கிறார்கள். அவர்களில் பலர் சாயமே பூசுவதில்லை. ஒரு பீப்பாயை வைத்துக்கொண்டு, காளை வந்தால் அதற்குள் ஒளிந்துகொண்டு, சிரிக்கவைப்பவர் பேரல்மேன். நீங்கள் பார்த்தது இவரைத்தான்.

டெக்சாஸில் ஒரு சின்ன ஊர் அரங்கில் கம்பி வேலியை ஒட்டி எனக்கு இடம் கிடைத்தது. அறிவிப்பாளர் கனத்த குரலில், "இந்தக் காளைமேல் எட்டு விநாடி தாக்குப்பிடித்தவர் யாரும் இல்லை" என்றார். பீப்பாய்க்காரர், "என் மாமியார் வீட்டில் நான் எட்டு வருஷம் தாக்குப்பிடித்தேன், பரிசு பெல்ட் பக்கிளை எனக்குக் கொடுங்கள்" என்றார். பழைய ஜோக்தான். அறிவிப்பாளர் சிரிக்காமல் முறைத்த முறைப்பில் அது புதிதாகிவிட்டது. அந்த ஜோடி அப்படித்தான்: ஒருவர் விறைப்பு, ஒருவர் குறும்பு.

அடுத்த சவாரியில் பையன் விழுந்தான். காளை பீப்பாயை முட்டி உருட்டியது. இவர் ஆமைபோலத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். உள்ளே மெத்தை வைத்துத் தைத்திருக்கும், ஆனாலும் இடி இடிதான். வெளியே வந்ததும் தள்ளாடியபடி ஆட ஆரம்பித்தார். மருத்துவக் குழு பையனைச் சூழ்ந்திருந்தது. வாய் ஜோக் சொல்லிக்கொண்டிருந்ததே தவிர, கண் அவர்களைவிட்டு நகரவே இல்லை. எனக்கு இரண்டு வரிசை முன்னால் பையனின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நாலைந்து நிமிஷமும் அரங்கம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பிள்ளையையே வெறித்திருந்தால் அவள் என்ன ஆகியிருப்பாள்? கூட்டத்தின் கண்ணை அவர் தன்மேல் வாங்கிக்கொண்டார். பையன் கையை அசைத்தான். தொப்பியைக் கழற்றி முதலில் கத்தியவர் அவர்தான்.

ஃபிளிண்ட் ராஸ்முசென் என்று ஒருவர், தொழில்முறை ரோடியோவில் தொடர்ந்து எட்டு முறை ஆண்டின் சிறந்த கோமாளி விருது வாங்கியவர். அதற்கு முன்பு மொன்டானாவில் பள்ளி ஆசிரியர். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கலைந்துபோகும் வகுப்பைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் இந்த வேலை வரும்.

உங்கள் கோபத்தில் ஒன்றை மட்டும் அப்படியே ஏற்கிறேன். விழுந்தவனையே கேலி செய்கிற கோமாளியும் உண்டு. அவரை எனக்கும் பிடிக்காது. நல்லவர் தன்னையும் அறிவிப்பாளரையும் காளையையும்தான் வம்புக்கிழுப்பார்.

பேரன் விஷயம். ஆட்டுச் சவாரிக்குத் தலைக்கவசமும் மார்புக்கவசமும் போட்டுவிடுகிறார்களா என்று முதலில் பாருங்கள். போடாத இடமென்றால் வேண்டாம். பிள்ளைகள் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துக்கொள்வார்கள், சில விநாடியில் சரிந்துவிடுவார்கள். நான் பார்த்த அன்று ஒரு சிறுமி வாயெல்லாம் மண்ணோடு அழுதுகொண்டு எழுந்தாள். பீப்பாய்க்காரர் ஓடிப்போய் அவள் எதிரில் தானும் குப்புற விழுந்து, வாயில் மண்ணோடு எழுந்து, "நம் ரெண்டு பேரில் யார் நன்றாக விழுந்தது?" என்று மைக்கை நீட்டினார்.

"நான்" என்றாள்.