சமீபத்துல நீங்க விளையாடின வீடியோ கேம்ஸ் பத்தி உங்க கருத்து என்ன? எது பிடிச்சுது, எது பிடிக்கல? புதுசா வர்றவங்க எதுல ஆரம்பிக்கலாம்?

கொஞ்ச நாளா விளையாடினதுல உட்கார்ந்து பேசுற அளவுக்கு இருந்தது ஆறு கேம் தான். அவுட்டர் வைல்ட்ஸ், ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின், புளூ பிரின்ஸ், ஹாலோ நைட் சில்க்சாங், கிளேர் ஒப்ஸ்க்யூர் எக்ஸ்பெடிஷன் 33, அப்புறம் பலாட்ரோ. இதுல சிலது பழசு, சிலது புதுசு, எனக்கு அது முக்கியமா படல.

எனக்கு கிராபிக்ஸ் நல்லா இருந்தா சந்தோஷம், கதை நல்லா இருந்தா இன்னும் சந்தோஷம், ஆனா ஒரு கேமை முடிச்சிட்டு நான் கேக்குற கேள்வி வேற. ஹீரோவுக்கு லெவல் ஏறிடுச்சு, கத்தி மாறிடுச்சு, டிரெஸ் மாறிடுச்சு, எல்லாம் சரி, ஆடுற எனக்கு என்ன ஏறுச்சு? நான் ஏதாவது புதுசா கத்துக்கிட்டேனா, இல்ல கேம் என்னை கைய பிடிச்சு கூட்டிட்டு போய் கடைசி சீன்ல விட்டுடுச்சா? இந்த ஆறையும் நான் அப்படி தான் பாக்கறேன்.

அந்த கணக்குல அவுட்டர் வைல்ட்ஸ் பக்கத்துல எதுவும் நிக்க முடியாது. 2019ல வந்தது, மோபியஸ் டிஜிட்டல்னு ஒரு சின்ன டீம் பண்ணது, காலேஜ் படிக்கறப்ப தீசிஸ் பிராஜெக்டா ஆரம்பிச்ச கேம் இது. ஒரு குட்டி சூரிய குடும்பம், உங்ககிட்ட மரக்கட்டையும் தகரமும் வெச்சு ஒட்டின மாதிரி ஒரு விண்கலம், 22 நிமிஷம் ஆனா சூரியன் வெடிச்சிடும், நீங்க செத்து மறுபடியும் அதே கேம்ப்ஃபயர் பக்கத்துல கண்ணு முழிப்பீங்க. அவ்ளோ தான் செட்டப். இதுல துப்பாக்கி இல்ல, லெவல் இல்ல, எக்ஸ்பினு சொல்ற அனுபவ பாயிண்ட் இல்ல, கலத்துக்கு அப்கிரேடு கூட இல்ல, முதல் நிமிஷத்துல உங்ககிட்ட இருக்கற கலம் தான் கடைசி நிமிஷத்துலயும். அதாவது விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் முதல் தடவையே நேரா போய் கேமை முடிச்சிடலாம், தடுக்க ஒரு கதவு கூட கிடையாது. தடுக்கறது நமக்கு தெரியாததுதான், வேற ஒண்ணுமே இல்ல.

ஒவ்வொரு கிரகமும் கடிகாரம் மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும், அத பாக்கவே அவ்ளோ நல்லா இருக்கும். ரெண்டு கிரகம் ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கு, ஒண்ணுல இருந்து மணல் தூண் மாதிரி இன்னொண்ணுக்கு கொட்டிக்கிட்டே இருக்கும், ஆஷ் ட்வின்ல மணல் குறைய குறைய புதைஞ்சு கிடந்த கோபுரம் எல்லாம் வெளிய வரும், எம்பர் ட்வின்ல குகை எல்லாம் மணல் ஏறி மூடிக்கும். அதனால எங்க போகணும்ங்கறத விட எப்போ போகணும்ங்கறது தான் கேள்வி. பிரிட்டில் ஹாலோன்னு இன்னொரு கிரகம், அதோட நடுவுல ஒரு கருந்துளை இருக்கு, மேல ஓடு துண்டு துண்டா உடைஞ்சு உள்ள விழுந்துக்கிட்டே இருக்கும், நீங்க நடந்துட்டு இருக்கற தரையும் விழலாம்.

அடுத்த பத்தி சின்ன ஸ்பாய்லர், இன்னும் ஆடாதவங்க தயவுசெஞ்சு தாண்டி போயிடுங்க.

டார்க் பிராம்பிள்னு ஒரு இடம், முழுக்க பனிமூட்டம், முள்ளு, உள்ள பெரிய பெரிய ஆங்லர் மீன், கலத்தோட சேத்து முழுங்கிடும். முதல் தடவை போனா வேகத்துல தப்பிக்கலாம்னு தான் யாருக்கும் தோணும், முடியாது. ஆனா வேற ஒரு கிரகத்துல, ஒரு மீனோட எலும்புக்கூடு பக்கத்துல, எப்பவோ செத்துப்போன நோமாய் இனத்து குழந்தைங்க விளையாடின ஒரு விளையாட்டோட விதி எழுதி இருக்கும், அந்த மீனுக்கு கண்ணு தெரியாது, சத்தம் மட்டும் தான் கேக்கும்னு. அவ்ளோ தான். இப்ப போய் இத பண்ணுன்னு ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது. அடுத்த தடவை உள்ள போறப்ப எஞ்சினை மொத்தமா ஆஃப் பண்ணிட்டு, வந்த வேகத்துலயே மெதுவா மிதந்து, அந்த வாய்க்கு முன்னாடி மூச்ச பிடிச்சிக்கிட்டு போவீங்க பாருங்க, அந்த நிமிஷத்துல கேம்ல எதுவுமே மாறல, மாறினது உங்களுக்கு தெரிஞ்ச ஒரு விஷயம் மட்டும். இந்த உணர்வை எனக்கு வேற எந்த கேமும் இவ்ளோ சுத்தமா குடுத்ததில்ல.

குறைன்னு சொன்னா கன்ட்ரோல். கலம் உண்மையான விண்வெளி மாதிரி தான் நகரும், எவ்ளோ வேகம் ஏத்தினீங்களோ அவ்ளோ எதிர்ப்பக்கம் குடுத்தா தான் நிக்கும், இது பழக நேரம் ஆகும், சிலருக்கு தலை சுத்தும். ஆட்டோபைலட் இருக்கு, ஆனா வழியில சூரியன் இருந்தா அதுக்கு தெரியாது, நேரா உள்ள விட்டுடும். இசை பத்தி ஒண்ணு மட்டும், சிக்னல்ஸ்கோப்னு ஒரு கருவி இருக்கு, வெவ்வேற இடத்துல ஒவ்வொரு பயணி தனியா உட்கார்ந்து பாஞ்சோ, புல்லாங்குழல், ஹார்மோனிகானு ஒவ்வொண்ணு வாசிச்சிட்டு இருப்பாங்க, ரொம்ப தூரத்துல இருந்து எல்லாரையும் ஒரே நேர்ல வெச்சு கேட்டீங்கன்னா அது எல்லாம் சேர்ந்து ஒரே பாட்டு.

ஓப்ரா டின்னும் இதே ஜாதி தான். லூகாஸ் போப் 2018ல வெளியிட்டது, பேப்பர்ஸ் பிளீஸ்ங்கற கேமை பண்ணவரு. 1800களோட ஆரம்பத்துல காணாம போன கிழக்கிந்திய கம்பெனி கப்பல் ஆளே இல்லாம திரும்பி வருது, நீங்க இன்சூரன்ஸ் கணக்கு பாக்க வந்த ஆளு, கப்பல்ல இருந்த 60 பேருக்கும் என்ன ஆச்சு, யாரு எவரு, எப்படி செத்தாங்கன்னு ஒரு புத்தகத்துல எழுதணும். கையில ஒரு கடிகாரம், பிணத்துக்கு பக்கத்துல திறந்தா சாகறதுக்கு முன்னாடி பேசின பேச்சு மட்டும் இருட்டுல கேக்கும், அப்புறம் செத்த அந்த நொடி அப்படியே உறைஞ்சு நிக்கும், நீங்க அதுக்குள்ள நடந்து பாக்கலாம். படம் முழுக்க ரெண்டே நிறம் தான், பழைய மேக்கின்டோஷ் ஸ்கிரீன் மாதிரி.

இதுல ரொம்ப புத்திசாலித்தனமான விஷயம் என்னன்னா நீங்க எழுதினது சரியா தப்பான்னு ஒவ்வொண்ணா சொல்லாது, மூணு பேரோட முடிவு முழுசா சரியா இருந்தா தான் மொத்தமா அச்சாகும். அதனால சும்மா அடிச்சு விட முடியாது, ஆனா ரெண்டு பேரை உறுதியா தெரிஞ்சு மூணாவதை கொஞ்சம் ஊகிக்கலாம், அந்த இடைவெளி மட்டும் விட்டிருக்காரு. தூங்கற தொட்டில்ல இருக்கற நம்பர், காலுல போட்டிருக்கற ஷூ, யாரு யார் கூட நிக்கறாங்க, இதெல்லாம் தான் தடயம். பல நாட்டு ஆளுங்க, இந்திய மாலுமிங்களும் இருக்காங்க. கேம்ல எங்கயும் முக்கியமான பொருளை மினுக்கி காட்ட மாட்டாங்க. ஒரு தடவை முடிச்சா மறுபடி ஆட முடியாது, அதுதான் ஒரே வருத்தம், விடை தெரிஞ்சிடுச்சுல்ல.

இப்ப புளூ பிரின்ஸ். 2025ல வந்தது, இதைப்பத்தி எனக்கு பாசமும் இருக்கு, கோவமும் இருக்கு. 45 அறை இருக்கற மாளிகை, 46வது அறையை கண்டுபிடிச்சா சொத்து உங்களுது. ஒவ்வொரு கதவு திறக்கறப்பவும் மூணு அறையில ஒண்ணை நீங்களே தேர்ந்தெடுத்து வெக்கணும், ஒரு நாளைக்கு நடக்க 50 ஸ்டெப் தான் ஆரம்பத்துல, மறுநாள் வீடு மொத்தமும் கலைஞ்சு முதல்ல இருந்து. பார்லர் அறையில மூணு பெட்டி இருக்கும், நீலம், வெள்ளை, கருப்பு, மேல எழுதினதுல ஒண்ணாவது உண்மை, ஒண்ணாவது பொய், பரிசா இருக்கற ரத்தினக்கல்லு ஒரு பெட்டியில மட்டும் தான். இது ஒவ்வொரு நாளும் புதுசா வரும், காபி குடிக்கற நேரத்துல போடற புதிர் மாதிரி அவ்ளோ இதமா இருக்கும்.

முதல் பாதி எனக்கு அருமையா போச்சு. சுவத்துல மாட்டின படம், யாரோ எழுதி வெச்ச லெட்டர், எல்லாத்துக்கும் அர்த்தம் இருக்கு, நோட்டு போட்டு எழுதி வெச்சா தான் ஆகும். கோவம் எங்கன்னா, பின்பாதியில விடை எனக்கு தெரியும், எந்த அறைக்கு எதை கொண்டு போகணும்னு தெரியும், ஆனா அந்த அறை சீட்டுல வரமாட்டேங்குது. அவுட்டர் வைல்ட்ஸ்ல தெரிஞ்ச உடனே போய் செய்யலாம், இங்க தெரிஞ்சும் அதிர்ஷ்டத்துக்கு காத்திருக்கணும், வந்த அறையையே திரும்ப திரும்ப அடுக்கிக்கிட்டு. சீட்டை நம்ம பக்கம் திருப்ப வழி உள்ளயே இருக்குன்னு ரசிகர்கள் சொல்வாங்க, உண்மைதான், நிரந்தரமா கிடைக்கற வசதிங்க இருக்கு, ஆனாலும் என் பார்வையில கண்டுபிடிச்ச ஆளுக்கு கேம் குடுக்க வேண்டிய மரியாதை அங்க கொஞ்சம் குறையுது.

ஹாலோ நைட் கேமோட அடுத்த பாகமான சில்க்சாங் பத்தி சண்டை நிறைய நடந்துச்சு, ரொம்ப கஷ்டம்னு ஒரு கூட்டம், கஷ்டம் தான் அழகுன்னு இன்னொரு கூட்டம். 2019ல அறிவிச்சு 2025 செப்டம்பர் 4 வந்தது, அடிலெய்டுல இருக்கற டீம் செர்ரியோடது. நான் கஷ்டம் நியாயம்ங்கற பக்கம், முக்கால்வாசி. காரணம் நாம ஆடற கேரக்டர் ஹார்னெட் உயிர் ஏத்தற முறை. எதிரியை அடிச்சா சில்க்னு ஒரு சக்தி சேரும், கணிசமா சேர்ந்தா தான் ஒரே தடவையில மூணு மாஸ்க் உயிர் வரும் (மாஸ்க்ங்கறது உயிரோட அளவு), அதே சில்க்க தாக்குதலுக்கும் செலவு பண்ணலாம். எதிரியோட பல அடி ரெண்டு மாஸ்க் எடுக்கும். அதனால ஒவ்வொரு சண்டையிலயும் இப்ப அடிக்கட்டுமா, காத்திருந்து உயிர் ஏத்தட்டுமான்னு மண்டைக்குள்ள கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும், காத்துலயே கூட ஏத்திக்கலாம்ங்கறது தெரிஞ்ச பிறகு சண்டையோட ரூபமே மாறிடும். கீழ அடிக்கறது நேரா இல்லாம சாய்வா போகும், முதல் கேம் ஆடின கைக்கு இது ரொம்ப உறுத்தும், அடிக்கற விதத்தை மாத்தற வேற கிரெஸ்ட் கிடைச்சா மாத்திக்கலாம், வாண்டரர் கிரெஸ்ட் போட்டா பழைய மாதிரி நேரா அடிக்கும். நான் மாத்தல, சாய்வு கைக்கு பழகின பிறகு அதுல இருக்கற வேகம் வேற எதுலயும் வரல. செத்த இடத்துல தொங்கற கூட்டை உடைச்சா சில்க் நிரம்பும், அதை பாஸ்னு சொல்ற பெரிய எதிரியோட சண்டை நடுவுல உடைக்கலாம், அதெல்லாம் யோசிச்சு வெச்ச டிசைன்.

பிடிக்காத கால்வாசி இது: இளைப்பாறி சேவ் பண்ற சில பெஞ்ச்ல உட்காரவே கேம்ல காசான ரோசரி மணி குடுக்கணும், அதுவும் லாஸ்ட் ஜட்ஜ் மாதிரி பாஸ்கிட்ட தோத்தா ஒவ்வொரு தடவையும் அந்த நீளமான வழியை ஓடி வரணும். பாஸ் சொல்லிக்குடுக்கறது பாடம், அந்த ஓட்டம் பாடம் இல்ல, முதல் ரெண்டு தடவைக்கு மேல அதுல கத்துக்க ஒண்ணும் இல்ல.

எக்ஸ்பெடிஷன் 33 ஆரம்பம் மாதிரி ஒரு ஆரம்பத்தை நான் ரொம்ப நாளா பாக்கல. வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட்ரஸ் ஒரு எண்ணை எழுதுவா, அந்த வயசை தொட்டவங்க எல்லாரும் பூவிதழா பறந்து போயிடுவாங்க, ஊரே வழியனுப்ப வந்து நிக்கும். சாண்ட்ஃபால்னு பிரான்ஸ் ஸ்டுடியோ, அவங்களோட முதல் கேமே இதுதான், லோரியன் டெஸ்டார்டோட இசை இல்லாம இந்த கேமை நினைச்சு கூட பாக்க முடியாது. முறை வெச்சு அடிக்கற சண்டை தான், ஆனா எதிரி அடிக்கறப்ப நீங்க சும்மா இருக்கக்கூடாது, சரியான நொடியில பாரி பண்ணணும், அதாவது அடியை தட்டி விடணும், எல்லா அடியையும் பாரி பண்ணா திருப்பி ஒரு அடி விழும். கத்தியை தூக்கிட்டு வேணும்னே தாமதிக்கற எதிரிங்க இருக்கு, கண்ணை விட காது தான் அங்க உதவும், ஒவ்வொருத்தனுக்கும் ஒரு தாளம் இருக்கு. நான் சொன்ன அந்த "எனக்கு என்ன ஏறுச்சு"க்கு இது சரியான பதில்.

ஆனா மூணாவது பாகத்துல 9999ங்கற டேமேஜ் எல்லையை எடுத்து விடறாங்க, சைட் வேலை எல்லாம் பாத்துட்டு கடைசி பாஸ்கிட்ட போனா அவரு ஆடறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுவாரு. அவ்ளோ கஷ்டப்பட்டு கத்துக்கிட்ட தாளத்தை அங்க போய் நம்பர் முழுங்கிடுது. கதைக்காக ஆடறவங்க நேரா கடைசி சண்டைக்கு போயிட்டு மத்ததை அப்புறம் வெச்சுக்கங்க, அதுதான் என் அபிப்பிராயம்.

பலாட்ரோ பத்தி நிறைய சொல்ல ஒண்ணும் இல்ல, போக்கர் சீட்டு சேர்க்கை வெச்சு பாயிண்ட் சேக்கறது, ஒரே ஆள் பண்ண கேம், பாயிண்ட்டை ஏத்தி விடற ஜோக்கர் சீட்டுங்களை வெச்ச வரிசை முக்கியம். பாயிண்ட்டை பெருக்கற எண் (மல்ட்) 10 இருக்கு, ஒரு ஜோக்கர் 20 கூட்டும், இன்னொண்ணு 3ஆல பெருக்கும்னு வெச்சுக்கங்க, கூட்டறது இடது பக்கம் இருந்தா 90, வலது பக்கம் இருந்தா 50. இந்த ஒண்ணை புரிஞ்சவங்களுக்கு மொத்த கேமும் திறந்துக்கும். பணம் வெச்சு ஆடற எதுவும் உள்ள இல்ல, அப்படி இருந்தும் ஐரோப்பாவுல 2024ல 18 வயசுக்கு மேலன்னு முத்திரை குத்தி, 2025ல தான் 12ஆ மாத்தினாங்க.

பிடிக்காததுன்னு கேட்டதுக்கு ஒரு கேம் பேரு சொல்றதை விட ஒரு பழக்கத்தை சொல்றேன். நடுவுல ஒரு பெரிய ஓப்பன் வேர்ல்ட் கேம் ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டேன். மேப்பை திறந்தா ஐக்கான், ஏற வேண்டிய பாறை எல்லாம் மஞ்சள் பெயின்ட், புதிர் அறைக்குள்ள நுழைஞ்சு நான் சுத்தி ஒரு பார்வை கூட பாக்கல, கூட வர்ற கேரக்டர் "அந்த சக்கரத்தை திருப்பிப்பாரு"ன்னு சொல்லிடுச்சு. செட்டிங்ஸ்ல போய் குறிப்பை நிறுத்தினாலும் அவங்க வாய் நிக்கல. கோடிக்கணக்குல செலவு பண்ணி அவ்ளோ அழகா ஒரு உலகத்தை கட்டிட்டு, அதை என்னை பாக்கவே விடலையேன்னு எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

புதுசா வர்றவங்களுக்கு ஓப்ரா டின். வேகமான கை தேவையில்ல, நடக்கவும் பாக்கவும் தெரிஞ்சா போதும், கன்ட்ரோலரே பிடிக்காத ஒருத்தரை பக்கத்துல உட்கார வெச்சு ரெண்டு பேரா சேர்ந்து ஆடலாம், இன்னும் நல்லா இருக்கும். விடை எல்லாம் சொல்ற வாக்த்ரூ மட்டும் பாக்காதீங்க, சிக்கினா வேற ஆளோட பக்கத்துக்கு போயிட்டு திரும்பி வாங்க. ஹெட்போன் கண்டிப்பா போடுங்க, ஏன்னா அந்த இருட்டுல கேக்கற பேச்சோட ஆக்சென்ட்ல தான் பல பேரு யாருன்னு பிடிபடும்.