கடுகோடு பிரம்மதண்டு விதை கலந்துவிட்டால்?

கேள்வி: ஓசூர் பக்கம் ராகியில் ஊடுபயிராகக் கடுகு போட்டிருந்தேன். வயலுக்குள் மஞ்சள் பூப் பூக்கும் முள்செடி நிறைய. கடுகை அடித்துத் தூற்றியபோது அதன் விதையும் சேர்ந்துவிட்டது, சல்லடையில் பிரிய மாட்டேன் என்கிறது. வறுத்தால் சரியாகுமா? செக்கில் ஆட்டி கை கால் வலிக்குத் தேய்க்கவாவது ஆகுமா?

பதில்: இரண்டுக்கும் ஆகாது. நீங்கள் சொல்வது பிரம்மதண்டு. குடியோட்டிப் பூண்டு என்றும் பெயர். தண்டைக் கிள்ளினால் மஞ்சளாகப் பால் வடியும். விதையிலுள்ள சாங்குயினரின் என்ற நஞ்சு சமையல் சூட்டில் அழிவதில்லை. 1998இல் தில்லியில் கடுகெண்ணெயோடு இந்த விதையின் எண்ணெய் கலந்து, கால் வீங்கி, மூச்சு முட்டி, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். கலப்பட எண்ணெயை உடம்பில் தேய்த்தவர்களுக்கும் இதே நோய் வந்ததுண்டு. வலிக்கு நல்லெண்ணெய் போதுமே!

வெள்ளைத் தாளில் ஒரு பிடி கொட்டி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். கடுகு உருண்டையாக வழவழப்பாக இருக்கும். இது சொரசொரப்பாக, வலை பின்னினாற்போல் மேடு பள்ளமாக, ஒரு முனை லேசாகக் கூராக இருக்கும். நகத்தால் நசுக்கினால் கடுகின் உள்ளே மஞ்சள், இதன் உள்ளே வெள்ளை. இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால்தான் சல்லடை தோற்கிறது. அரைப்படி என்றால் உட்கார்ந்து பொறுக்கலாம். மூட்டைக் கணக்கென்றால் மனசைத் தேற்றிக்கொண்டு எரித்துவிடுங்கள். கோழிக்கோ மாட்டுக்கோ போட வேண்டாம், எருக்குழியிலும் கொட்ட வேண்டாம். அடுத்த போகத்தில் நீங்களே எருவோடு விதைத்த மாதிரி ஆகிவிடும்.

இனி வயல். வெள்ளை நரம்போடிய சாம்பல் பச்சை இலை தரையோடு விரிந்து கிடக்கும் பருவத்திலேயே, களைக்கொத்தால் வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டுங்கள். மேலாக அறுத்தால் மறுபடி துளிர்க்கும். காய் பிடித்த செடியைப் பிடுங்கி வரப்பில் போடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. காய் காய்ந்ததும் நுனி வெடித்து, ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் விதை சிந்தும். அந்தச் செடிகளைச் சாக்கில் கட்டி எடுத்துப்போய்க் கொளுத்துங்கள். சிந்தியது மண்ணில் வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். ஆகவே ஒரே வருஷத்தில் ஒழியாது. மூன்று நான்கு போகம் விடாமல் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: கண்வலிக்கு இந்தச் செடியின் பாலைக் கண்ணில் விடச் சொல்பவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். கேட்காதீர்கள்.