ஒளிவழியிலிருந்து பணம் வரும்வரை உங்கள் சம்பளம் காத்திருக்க வேண்டியதில்லை

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகப் படிப்பை முடித்துவிட்டு, தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்கள் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் தயாரிப்பு உதவியாளராகச் சேர்ந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. மாதம் 2,000 வெள்ளி பேசினார்கள். நான் தன்னுரிமைத் தொழிலர் என்று சொல்லி மாதாமாதம் என்னிடம் இன்வாய்ஸ் வாங்குகிறார்கள். மத்திய சேம நிதி கட்டுவதில்லை. படப்பிடிப்பு இருந்தால் வாரத்தில் ஆறு நாள், காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை வேலை. சில நாள் நள்ளிரவும் தாண்டிவிடும். கடைசி இரண்டு மாதப் பணம் வரவில்லை. “ஒளிவழி இன்னும் எங்களுக்கே தரவில்லை” என்கிறார்கள். என்னைச் சேர்த்துவிட்ட ஒருங்கிணைப்பாளர், புகார் செய்தால் இந்தத் துறையில் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று எச்சரிக்கிறார். இப்போது ‘இணைத் தயாரிப்பாளர்’ பதவி, மாதம் 2,700 வெள்ளி என்று புதிய ஒப்பந்தம் ஒன்றை நீட்டுகிறார்கள். அதில் நான் வேலையில் சேர்ந்த நாளின் தேதி போடப்பட்டிருக்கிறது. கையொப்பமிடலாமா? – ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: கையொப்பமிட வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்தத் தாளில் மட்டும் இந்த வாரம் கை வைக்காதீர்கள். இன்று தயாரித்த தாளுக்கு ஏழு மாதத்திற்கு முந்தைய தேதியைப் போடுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். நீங்கள் முதல் நாளிலிருந்தே விரும்பித் தன்னுரிமைத் தொழிலராக வந்தவர் என்று பின்னால் காட்டுவதற்கு உங்கள் கையொப்பமே அவர்களுக்குத் தேவைப்படுகிறது. சம்பள பாக்கி வைத்துக்கொண்டு ஒருவர் பதவி உயர்வு தருகிறார் என்றால், அந்த உயர்வை விடப் பாக்கியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் நிலைமையின் அடிப்படை இதுதான்: நீங்கள் ஊழியரா, தனித்துத் தொழில் செய்பவரா என்பதை ஒப்பந்தத்தின் தலைப்பு தீர்மானிப்பதில்லை, நீங்கள் அனுப்பும் இன்வாய்ஸும் தீர்மானிப்பதில்லை. எந்த நேரத்திற்கு எங்கே வர வேண்டும் என்று யார் சொல்கிறார், வேலைக்கான கருவிகள் யாருடையவை, உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டா, லாப நட்டம் யாருடையது என்பவற்றையே பார்ப்பார்கள். காலை 7 மணிக்கு வா என்று அவர்கள் சொல்கிறார்கள், நீங்கள் வருகிறீர்கள். காட்சிக்குக் காட்சி உடை மாறிவிடாமல் பார்க்க உதவும் கன்டினியூட்டிப் படங்களை எடுப்பது, நடிகர்களுக்கு வசனத்தாள் கொடுப்பது, சாப்பாடு வாங்கி வருவது, மைக் பேட்டரி மாற்றுவது என எல்லாம் அவர்கள் சொற்படி, அவர்கள் கருவிகளோடு நடக்கிறது. ஏழு மாதமும் ஒரே இடம், மாதம் ஒரே தொகை. இதை நான் ஊழியர் வேலை என்றே வாதிடுவேன்.

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் 2019 ஏப்ரல் 1 முதல், சம்பள வரம்பின்றி, ஏறக்குறைய எல்லா ஊழியர்களையும் உள்ளடக்குகிறது. அந்தச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாள்களுக்குள் சம்பளமும், 14 நாள்களுக்குள் மிகைநேர ஊதியமும் தரப்பட வேண்டும். ஒளிவழி எப்போது பணம் தரும் என்பது தயாரிப்பு நிறுவனத்திற்கும் அந்த ஒளிவழிக்கும் இடையிலான விஷயம். வாடிக்கையாளர் பணம் தராததால் சமையல்காரருக்குச் சம்பளமில்லை என்று ஓர் உணவகம் சொல்ல முடியாது. நாடகத் தயாரிப்புக்கும் அதே விதிதான். “அவர்கள் தந்ததும் தருகிறோம்” என்ற சொல்லை இந்தத் துறையில் வேலைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் முதல் ஆண்டிலேயே கேட்டு, அதுதான் தொழிலின் வழக்கம் என்று நம்பிவிடுகிறது. கேட்டுக் கேட்டுப் பழகியதால் அது சட்டமாகிவிடாது.

ஒருங்கிணைப்பாளரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எனக்கு வரும் இத்தகைய வழக்குகளில் பாதிக்கு மேல் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இவர் எல்லாக் குழுவுக்கும் ஆள் சேர்த்துத் தருவார், எல்லோரையும் தெரியும், “தங்கச்சி, நான் பேசிக்கொள்கிறேன்” என்பார். சிலர் உண்மையிலேயே நல்லெண்ணத்தோடு உதவுகிறார்கள். ஆனால் சிலர் நிறுவனத்திடம் ஓர் ஆளுக்கு ஒரு தொகை பேசி, உங்களிடம் வேறொரு தொகை சொல்லி, நடுவில் இருப்பதை வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பணம் யார் கணக்கிலிருந்து வந்தது என்பதை வங்கி அறிக்கையில் இன்றே பாருங்கள். நிறுவனத்தின் கணக்கிலிருந்து வந்திருந்தால் நல்லது. ஒருங்கிணைப்பாளரின் சொந்தக் கணக்கிலிருந்து வந்திருந்தால், உங்கள் முதலாளி யார் என்பதையே அவர்கள் நாளை கேள்விக்குறியாக்குவார்கள். பாக்கியை அவரிடம் நினைவூட்டினால் நிறுவனத்திடம் கேட்டதாக ஆகாது. அவர் வாய்மொழியாகத் தந்த உறுதியும் நிறுவனம் தந்த உறுதியாகாது. வேலை வாங்கித் தருவதற்காக உங்களிடம் அவர் பதிவுக் கட்டணம், ‘போர்ட்ஃபோலியோ’ கட்டணம் என்று ஏதேனும் கேட்டிருந்தால், வேலை நியமன முகவராகச் செயல்பட மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். உரிமம் உள்ளதா என்று அமைச்சின் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். “பாக்கியில் பாதி இப்போது வாங்கித் தருகிறேன், மீதியை விட்டுவிடு” என்று அவர் பேரம் பேச வருவார். அதற்கு உடன்பட வேண்டாம்.

இனி அந்த 2,700 வெள்ளி. இதைப் பொறுமையாகப் படியுங்கள். வேலை நேரம், வாராந்தர ஓய்வு நாள், மிகைநேர ஊதியம் ஆகியவற்றைப் பற்றிய சட்டப் பகுதி எல்லா ஊழியர்களுக்கும் பொருந்துவதில்லை. உடலுழைப்புத் தொழிலாளர் அல்லாதவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 2,600 வெள்ளிக்குள் இருந்தால் மட்டுமே அது பொருந்தும். பெரும்பாலும் உடலுழைப்பே வேலையாக உள்ளவர்களுக்கு அந்த வரம்பு 4,500 வெள்ளி. கேபிள் சுருட்டுவதும் பெட்டி தூக்குவதும் உங்கள் வேலையில் உண்டு என்றாலும், அவை உங்கள் நாளின் பெரும்பகுதி அல்ல. ஆகவே உங்களுக்கு 2,600 வரம்பே பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பெறும் 2,000 வெள்ளியில் நீங்கள் அந்த வரம்புக்குள் இருக்கிறீர்கள். 2,700க்குப் போனால் வெளியே போய்விடுகிறீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். மாதச் சம்பளத்தை 12 ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்திற்கு 44 மணி நேரம் என்பவற்றின் பெருக்குத்தொகையான 2,288 ஆல் வகுத்தால் ஒரு மணி நேர ஊதியம் கிடைக்கும். 2,000 வெள்ளிக்கு அது 10.49 வெள்ளி, மிகைநேரத்திற்கு ஒன்றரை மடங்கு, அதாவது 15.73 வெள்ளி. தினம் 12 மணி நேரத்தில் உணவு இடைவேளை ஒரு மணி நேரத்தைக் கழித்தால் 11. ஆறு நாளுக்கு 66. அதில் 44 போக 22 மணி நேரம் மிகைநேரம். முழுக்கப் படப்பிடிப்பு நடந்த நான்கு வாரங்களுக்கு 88 மணி நேரம், ஏறத்தாழ 1,384 வெள்ளி. (மாதத்திற்கு 72 மணி நேரத்திற்கு மேல் மிகைநேர வேலை வாங்குவதே வரம்பு மீறல், அது அவர்கள் தவறு, அதனால் உங்கள் ஊதியம் குறையாது.) ஆக, அப்படிப்பட்ட மாதத்தில் உங்களுக்கு வர வேண்டியது 3,384 வெள்ளி. அவர்கள் பதவி உயர்வு என்று தருவது 2,700. அதன் பிறகு விடிய விடிய வேலை வாங்கினாலும் இந்தப் பகுதியின்கீழ் நீங்கள் மிகைநேர ஊதியம் கோர முடியாது.

இதே விஷயத்தில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. வரம்புக்குக் கணக்கில் கொள்ளப்படுவது அடிப்படைச் சம்பளம் மட்டுமே; போக்குவரத்துப்படி, உணவுப்படி, தொலைபேசிப்படி அதில் சேராது. அடிப்படை 2,300, படிகள் 400 என்று எழுதினால் கையில் வருவது 2,700தான், ஆனாலும் நீங்கள் வரம்புக்குள்ளேயே இருப்பீர்கள். உங்கள் மிகைநேர விகிதமும் மணிக்கு 18.09 வெள்ளியாக உயரும். நீங்கள் உண்மையாகவே பொறுப்பு உயர்வை விரும்பினால் இப்படி எழுதித் தரும்படி கேளுங்கள். அதே நேரத்தில் ‘இணைத் தயாரிப்பாளர்’ என்ற பெயர் உங்களை நிர்வாகப் பொறுப்பாளராகக் காட்டவும் பயன்படும்; நிர்வாகிகளுக்கும் மேலாளர்களுக்கும் இந்தப் பகுதி எந்தச் சம்பளத்திலும் பொருந்தாது. ஆள் எடுக்கவும் நீக்கவும், செலவை முடிவு செய்யவும் உங்களுக்கு அதிகாரம் உண்டா? பதவிப் பெயர் மாறிய மறுநாளும் நீங்கள் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பெயருக்குச் சட்டத்தில் எடை கிடையாது. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒருவர் ஊழியரா இல்லையா என்ற கேள்வியை வேலைக்கு எடுத்த முதல் நாளில், வேலைக்கு எடுத்தவரிடம் கேட்க வேண்டும். நம்முடைய ஏற்பாட்டில் அதைப் பணம் வராமல் போன பிறகு, பணம் வராதவரிடம் கேட்கிறோம். 23 வயதுப் பெண் பகலெல்லாம் படப்பிடிப்பில் நின்றுவிட்டு, இரவில் உட்கார்ந்து எந்த வாசலில் போய் நிற்பது என்று தேட வேண்டியிருக்கிறது. சம்பளப் பட்டியலும் முக்கிய வேலை நிபந்தனைகளும் எழுத்தில் தரப்பட வேண்டும் என்பது 2016 ஏப்ரலிலிருந்து சட்டம். ‘தன்னுரிமை’ என்ற ஒரே சொல்லால் அதை ஒதுக்கிவிட முடிகிறது என்றால், அந்தச் சொல்லைப் பயன்படுத்துபவரிடம் யாராவது முன்கூட்டியே விளக்கம் கேட்டிருக்க வேண்டாமா?

நீங்கள் போக வேண்டிய இடம் பூசல் நிர்வாகத்திற்கான முத்தரப்புக் கூட்டணி. சம்பளக் கோரிக்கையை இணையத்திலேயே பதியலாம். முதலில் சமரசப் பேச்சு நடக்கும். முடியாவிட்டால் அங்கிருந்து பெறும் பரிந்துரைச் சான்றிதழோடு நான்கு வாரங்களுக்குள் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்திற்குப் போகலாம். அங்கே வழக்கறிஞர்கள் வாதாட அனுமதியில்லை என்பதால் நிறுவனம் பெரிய வழக்கறிஞரை அமர்த்திவிடும் என்று அஞ்ச வேண்டாம். வேலையில் இருக்கும்போது, சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரலாம். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறே மாதம்தான்; “அடுத்த தீபாவளி நிகழ்ச்சி முடியட்டும்” என்று அவர்கள் இழுத்தடிப்பது இந்த ஆறு மாதத்தைக் கரைப்பதற்கு நன்றாக உதவும்.

சேம நிதிக்கு வாசல் வேறு. அது மத்திய சேம நிதிக் கழகத்தின் பொறுப்பு. உங்கள் வயதில் முதலாளியின் பங்கு 17 விழுக்காடு, உங்கள் பங்கு 20 விழுக்காடு. 2,000 வெள்ளிக்கு முதலாளி தர வேண்டியது மாதம் 340; ஏழு மாதத்திற்கு 2,380 வெள்ளி. கழகத்திற்கு எழுதுவதற்கு முதலாளியின் அனுமதி தேவையில்லை. நள்ளிரவுக்குப் பின் டாக்சியில் 50 விழுக்காடு கூடுதல் கட்டணத்தோடு வீடு திரும்பிய செலவைப் பொறுத்தவரை, தருவதாக அவர்கள் எழுதியிருந்தால் மட்டுமே அது வலுவான கோரிக்கை.

துறையில் இனிக் கூப்பிட மாட்டார்களா என்ற உங்கள் அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. இங்கே தமிழ்த் தொலைக்காட்சி வட்டம் சிறியது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒருவர் உங்களை மறுபடி அழைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சமரசப் பேச்சில் பேசப்படுவது வெளியே போவதில்லை, நடுவர் மன்ற விசாரணையும் பொதுமக்கள் முன்னிலையில் நடப்பதில்லை. சம்பளம் கேட்டவரை மட்டுமல்ல, சம்பளம் தராதவரையும் அந்தச் சிறிய வட்டம் அறிந்தே வைத்திருக்கிறது.

இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. படப்பிடிப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒவ்வொரு நாளின் அழைப்புத் தாளையும் (எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்று சொல்லும் தாள்), வேலை முடிந்ததாகச் சொல்லும் செய்தியையும் உங்கள் சொந்தக் கோப்பில் சேமித்துவிடுங்கள். பணம் கேட்ட மறுநாளே குழுவிலிருந்து நீக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு எந்த நாள் எத்தனை மணிக்கு வேலை முடிந்தது என்று காட்ட அந்தப் பிள்ளைகளிடம் எதுவும் இருக்கவில்லை. பிறகு ஒருங்கிணைப்பாளருக்கு அல்ல, நிறுவன உரிமையாளருக்கு மின்னஞ்சலில் இப்படி எழுதுங்கள்: “இந்த இரண்டு மாதங்களுக்கான என் சம்பளம் 4,000 வெள்ளி இன்னும் வரவில்லை. ஏழு நாள்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். புதிய ஒப்பந்தத்தை இந்தப் பாக்கி தீர்ந்த பிறகு, அன்றைய தேதியிட்ட தாளில் படித்துப் பார்க்கிறேன்.” எட்டாவது நாள் பணம் வராவிட்டால் கோரிக்கையைப் பதிந்துவிடுங்கள்.