சாலைக் குழிக்கு ஒரு கவுன்சில், சந்தைக் கடைக்கு இன்னொன்று

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து எசெக்ஸில் உள்ள சாஃப்ரன் வால்டனுக்குக் குடிவந்திருக்கிறோம். சாலைக் குழியில் இறங்கி கார் டயர் கிழிந்துவிட்டது. டவுன் கவுன்சிலில் கேட்டால் ‘ரோடு எங்கள் பொறுப்பில்லை’ என்கிறார்கள். கவுன்சில் டாக்ஸ் வாங்கும் அட்டில்ஸ்ஃபோர்டு கவுன்சிலும் அதையே சொல்கிறது. யாரைப் பிடிப்பது? செவ்வாய்ச் சந்தையில் இட்லி, வடைக் கடை போடவும் ஆசை. அதற்கும் இதே அலைச்சல்தானா?

பதில்: இரண்டு இடத்திலும் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஈஸ்ட் ஹாமில் குப்பை, பள்ளி, தெரு என்று ஏறக்குறைய எல்லாமே நியூஹாம் கவுன்சில் தலையில். இங்கே 1974 முதல் மூன்று அடுக்கு. சாலை, பள்ளி, நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் செம்ஸ்ஃபோர்டில் இருக்கும் எசெக்ஸ் கவுண்டி கவுன்சிலுடையது. குப்பை, கட்டட அனுமதி, வீட்டுவசதி, வரி வசூல் அட்டில்ஸ்ஃபோர்டு டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுடையது. சந்தை, பூங்கா, காமன் திடல் ஆகியவை டவுன் கவுன்சிலிடம். மேயர் இருக்கிறாரே என்று அசந்துவிடாதீர்கள். சட்டத்தின் கண்ணில் அது நம்மூர் பஞ்சாயத்து போன்ற பாரிஷ் கவுன்சில்தான். வரி பில்லை எடுத்துப் பாருங்கள். வசூலிப்பது அட்டில்ஸ்ஃபோர்டு என்றாலும் பெரும்பங்கு போவது கவுண்டிக்கு.

ஆக, டயருக்கு எசெக்ஸ் கவுண்டியிடம்தான் இழப்பீடு கேட்க வேண்டும் (எம்11 போன்ற மோட்டார்வே என்றால் நேஷனல் ஹைவேஸ்). குழி மூடப்படுவதற்குள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, அகலமும் ஆழமும் தெரியப் படம் எடுங்கள். இடம், தேதி, நேரம், டயர் பில் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு சாலையைப் பராமரிக்கும் கடமையை அவர்களுக்கு விதிக்கிறது. ஆனால் 58ஆவது பிரிவு அவர்களுக்கு ஒரு கேடயம்: ‘ஒழுங்காகச் சோதனை செய்தோம், அப்போது குழி இல்லை’ என்று நிரூபித்தால் தப்பிவிடுவார்கள். பல கோரிக்கைகள் விழுவது இங்கேதான். அதனால் அந்தத் தெருவின் சோதனைப் பதிவுகளைத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தெருக் குறைகளைப் பொதுமக்கள் புகார் செய்யும் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் இணையதளத்தையும் பாருங்கள். வேறு யாராவது அதே குழியை முன்பே புகார் செய்திருந்தால் உங்கள் கை ஓங்கும்.

அரசின் திட்டப்படி 2028 ஏப்ரலில் எசெக்ஸின் கவுண்டியும் டிஸ்ட்ரிக்டும் கலைந்து ஒரே அடுக்காகும். அதுவரை இந்தப் பிரிவினைதான்.

கடை விஷயம் இவ்வளவு சிக்கலில்லை. சந்தையில் இடம் கேட்க டவுன் கவுன்சில். உணவு வியாபாரமாகப் பதிவு செய்ய அட்டில்ஸ்ஃபோர்டு. தொடங்குவதற்கு 28 நாள் முன்பே செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது, மறுக்கவும் மாட்டார்கள். அப்புறம் சுகாதார அதிகாரி வந்து பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். சாம்பாரைச் சூடாக வைத்து விற்றால் 63 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.

நம்மவர்கள் சறுக்குவது ஒவ்வாமைப் பட்டியலில். அறிவிக்க வேண்டிய 14 பொருட்களில் கடுகும் எள்ளும் உண்டு. தாளிப்பும் இட்லிப்பொடியும் மாட்டிக்கொள்ளும். உளுந்து அதில் இல்லை. ஆனால் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமையும் அந்தப் பட்டியலில் உண்டு, டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.