தள்ளிட்டுப் போன பக்கங்கள்

கேள்வி: நீங்க சிபாரிசு பண்ணீங்கன்னு சினுவா ஆச்சிபியோட 'சிதைவுகள்' வாங்கினேன். முதல் பாதி சடங்கு, கிழங்கு, மல்யுத்தம்னு ஒரே இழுவை, தள்ளிட்டேன். அப்புறம் வெள்ளைக்காரன் வர்றான், எல்லாம் அழியுது, ஹீரோ தூக்குல தொங்குறான். ஆப்பிரிக்க நாவல்னாலே இதே கதைதானா?
– வாசகர், ஈரோடு

பதில்: தள்ளிட்டீங்களா? சரியாப் போச்சு. மொத்தம் 25 அத்தியாயம், பாதிரிமாருங்க ஹீரோ ஒகோன்க்வோ இருக்கிற ஊருக்கு வர்றதே 16வதுலதான். அதுவரைக்கும் ஆச்சிபி பக்கத்தை ரொப்பிட்டு இருந்தாரா என்ன.

நீங்க தள்ளினதுல இகெமெஃபூனான்னு ஒரு பையன் இருந்தான். பக்கத்து ஊர்க்காரங்க செஞ்ச கொலைக்கு ஈடா கொடுக்கப்பட்டவன், ஒகோன்க்வோ வீட்டுல மூணு வருஷம் வளர்றான், அவனை அப்பான்னே கூப்பிடுறான். திடீர்னு சாமி வாக்கு வருது, பையனைக் கொல்லணும்னு. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்து 'உன்னை அப்பாங்கிறான், நீ இதுல கை வைக்காத'ன்னு சொல்லிட்டுத்தான் போறாரு. ஆனாலும் ஒகோன்க்வோ கூடவே போறான். தலையில கள்ளுப் பானையோட காட்டுல நடந்துபோற பையன் மேல முதல் வெட்டு விழுது, பானை மணல்ல விழுந்து உடையுது, 'அப்பா, என்னைக் கொன்னுட்டாங்க'ன்னு இவன்கிட்டதான் ஓடி வர்றான். இவன் கத்தியை உருவி வெட்டிடுறான். எதுக்குத் தெரியுமா? நாலு பேர் கோழைன்னு நினைச்சிடுவாங்களோன்னு!

அன்னிக்கு ராத்திரி ஒகோன்க்வோவோட சொந்த மகன் ந்வோயே மனசுல ஏதோ அறுந்துபோகுது. அவன் பின்னாடி சர்ச்சுக்குப் போனது பிரசங்கத்துல மயங்கி இல்ல சார், திரித்துவம் எல்லாம் அவனுக்கு ஒண்ணும் புரியல. இருட்டுல உட்கார்ந்திருக்கிற சகோதரர்களைப் பத்தி ஒரு பாட்டு கேட்டான், அவ்ளோதான், இரட்டைன்னா ஆகாதுன்னு காட்டுல வீசின குழந்தைங்க அழுற சத்தமும் இகெமெஃபூனாவும்தான் ஞாபகத்துக்கு வருது. அதே மாதிரி ந்நேகான்னு ஒரு கர்ப்பிணி, நாலு பிரசவம், நாலும் இரட்டை, எட்டுப் பிள்ளைங்களையும் பிறந்த உடனே தூக்கிப் போட்டாச்சு. அவ சர்ச்சுக்கு ஓடினப்போ புருஷன் வீட்டுல தொலைஞ்சது சனியன்னுதான் இருந்தாங்க. அப்புறம் ஊர் ஒதுக்கி வச்சிருந்த ஓசு சாதிக்காரங்க. இவங்களுக்கெல்லாம் போக வேற இடம் இருந்துச்சா? ஆச்சிபியோட அப்பாவே மதம் மாறி சர்ச் வேலை பார்த்தவர்தான், அந்த வாசலோட ரெண்டு பக்கமும் அவருக்குத் தெரியும்.

அதுக்காக வெள்ளைக்காரனுக்கு நல்லவன்னு சர்டிஃபிகேட் கொடுத்துட்டாருன்னு நினைச்சுடாதீங்க. பேசலாம் வாங்கன்னு ஆறு பெரியவங்களைக் கூப்பிட்டு விலங்கு மாட்டுறான், கோர்ட் சேவகனுங்க தலையை மழிச்சு விடுறானுங்க, அபராதம் 200 மூட்டை சோழி (அங்க அதுதான் காசு). ஊருக்குள்ள போய்ச் சொல்லும்போது அது 250 ஆயிடுது, அம்பது சேவகனுங்க கமிஷன். (இதுக்கு மட்டும் எந்த நாட்டுலயும் மொழிபெயர்ப்பு தேவையில்ல!)

எல்லாம் ஒரே கதையான்னு கேட்டீங்க. அதே ஆச்சிபி 1964ல எழுதின 'ஏரோ ஆஃப் காட்' படிங்க. அதுல எஸெயூலுன்னு ஒரு பூசாரி, அமாவாசை கழிஞ்சு பிறை தெரிஞ்சா ஒரு புனிதக் கிழங்கு சாப்பிடணும், எல்லாம் தீர்ந்தாதான் அறுவடைத் திருவிழாவுக்கு நாள் குறிப்பாரு. வெள்ளைக்காரன் கொடுத்த பதவியை வேணாம்னதுக்கு உள்ள வச்சுடுறாங்க, கிழங்கு பாக்கி நின்னுடுது. வெளிய வந்தும் விதிப்படிதான் சாப்பிடுவேன்னு பிடிவாதம். ஊர் பட்டினியில துடிக்குது, கிழங்கு மண்ணுக்குள்ளயே வீணாகுது, சர்ச்சுல கொண்டு வந்து காணிக்கை வைங்க, உங்க சாமி உங்களைத் தொடாதுன்னு சர்ச்சுக்காரங்க சொன்னதும் ஜனம் அங்க போயிடுது. அந்தக் கட்டத்துல வெள்ளைக்கார துரை எதுவுமே பண்ணல, சும்மாதான் இருந்தான்.

அப்புறம் ஒண்ணு. 'சிதைவுகள்' கடைசியில, தூக்குல தொங்குற ஒகோன்க்வோவை இறக்கக்கூட சொந்த ஊர்க்காரங்க தொட முடியாது, தற்கொலை மண்ணுக்கு ஆகாத பாவம். பக்கத்துல நின்னு பார்க்கிற மாவட்ட கமிஷனர், தான் எழுதப்போற புத்தகத்துல இவனுக்கு ஒரு அத்தியாயம் கொடுக்கலாமான்னு யோசிக்கிறான், அப்புறம் வேணாம், ஒரு பத்தி போதும்னு முடிவு பண்றான். அவனாவது ஒரு பத்தி கொடுத்தான். உங்க லெட்டர்ல மூணு வார்த்தை சார்.