கய்யாத்தா, தர்ஸியா?

கேள்வி: ஷார்ஜாவில் ஒரு தையற்கடையில் வேலைக்குச் சேரப்போகிறேன். விசா தாளில் 'கய்யாத்' என்று போட்டிருக்கிறது. கடையில் இருக்கும் எகிப்திய மாஸ்டரோ போனில் 'தர்ஸி' என்கிறார். எந்தச் சொல்லைக் கற்றுக்கொள்வது?

பதில்: அரபியில் இரண்டுமே தையல்காரர்தான். தர்ஸி பாரசீகச் சொல். துருக்கி மொழி வழியாக எகிப்துக்குப் போனது. உருதுக்காரர்கள் சொல்லும் தர்ஜியும் அதே குடும்பம். வளைகுடாவில் கடைப் பலகையிலும் தாள்களிலும் கய்யாத்தான் செல்லும். அதிலிருந்தே தொடங்குங்கள்.

காரணம், அந்தச் சொல்லின் வேரைப் பிடித்தால் அதிலிருந்து பிறந்த மற்றச் சொற்களும் கூடவே வரும். கைத் என்றால் நூல், கியாதா என்றால் தையல் வேலை. குர்ஆனில் நோன்பு தொடங்கும் நேரத்துக்கு அடையாளமாக வரும் வெள்ளை நூல், கறுப்பு நூல் (2:187) இரண்டும் இதே கைத்தான். முதல் எழுத்து மட்டும் நம் 'க' அல்ல. காறும்போது தொண்டையில் உரசுமே, அந்த ஒலி. வராவிட்டாலும் கவலை வேண்டாம், கடையில் புரிந்துகொள்வார்கள்.

புரியாமல் போகக்கூடியது வேறொன்று. மகஸ்ஸ் என்றால் கத்தரிக்கோல். மகாஸ் என்றால் அளவு. ஒன்று வெட்டுவதற்கான வேர், மற்றது அளப்பதற்கான வேர். உங்கள் எகிப்திய மாஸ்டர் நடு எழுத்தை விழுங்கி மஅஸ்ஸ், மஆஸ் என்பார். நெடில் கேட்டால் டேப்பை எடுங்கள், குறில் கேட்டால் கத்தரிக்கோலை.

ஊசி இப்ரா, பொத்தான் ஸிர்ர். தையல் மெஷினுக்கு மாகினா, அது இத்தாலியிலிருந்து வந்தது. வெட்டும் மாதிரித் தாளுக்குப் பத்ரோன், பிரெஞ்சு. ஜிப்பில்தான் ஊருக்கு ஊர் தகராறு: வளைகுடாவில் ஸஹ்ஹாப், அதாவது இழுப்பது, எகிப்தில் ஸூஸ்தா, ஸ்பிரிங்குக்கும் அதே பெயர். விரலில் மாட்டும் கூட்டைக் குஷ்துபான் என்பார்கள். நம் பழைய தையல்காரர்களின் அங்குஸ்தானுக்கும் அதற்கும் மூலம் ஒன்றே: விரலைக் குறிக்கும் பாரசீக 'அங்குஷ்த்'.

பெண்களுக்கு அபாயா தைக்கும் கடையென்றால் தத்ரீஸ் என்ற சொல் தினமும் காதில் விழும், எம்பிராய்டரி. அதன் மூலமான திராஸும் பாரசீகத்திலிருந்து வந்ததே. அப்பாஸியர் என்ற கலீபா வம்சத்தின் காலத்தில், ஆளும் கலீபாவின் பெயரைத் துணியின் கரையில் எழுத்தாக நெய்வார்கள், அல்லது ஊசியால் பதிப்பார்கள். அந்தக் கரைக்கும் திராஸ், அதைச் செய்த அரசுப் பட்டறைக்கும் திராஸ். பாலஸ்தீனப் பெண்களின் தத்ரீஸை 2021இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.